செம்மண் மேடும் பரங்கியர் துறைகளும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மிதிவண்டி போன வழிகள்

கடலூர் மாவட்டத்தைச் சமவெளி என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது வழக்கமாக இருந்தாலும், கடற்கரையிலிருந்து மேற்கே சில கல் தொலைவு சென்றவுடன் நிலம் சிவந்து மேடாகத் தொடங்குவதையும், கெடில ஆற்றுக்குத் தெற்கே அந்த மேடு கேப்பர் மலை என்ற பெயரோடு எழுந்து நிற்பதையும் அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. நீலகிரியையோ கல்வராயனையோ பார்த்தவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். எனினும் பாரம் ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இதன் சரிவில் ஏறியவர் எவரும் அவ்வாறு தயங்கியிருக்க மாட்டார். இரும்புச்சத்து மிகுந்து செந்நிறம் கொண்ட மணற்கல்லும் களிமண்ணும் மாறிமாறி அடுக்கப்பட்ட இந்த மேட்டு நிலத்துக்கு நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் தொகுதி என்று பெயரிட்டனர். அதாவது, ஒத்த தன்மை கொண்ட பாறை அடுக்குகளின் கூட்டத்துக்கு அவை முதலில் நன்கு ஆராயப்பட்ட ஊரின் பெயரைச் சூட்டும் மரபுப்படி, புதுச்சேரியை ஒட்டிய செம்மண் மேடுகள், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் திருவக்கரை, பழுப்பு நிலக்கரி புதைந்துள்ள நெய்வேலி ஆகிய யாவும் கடலூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

இந்த மேட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதியில்தான் தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை என்று ஐரோப்பியர் வந்து தங்கிய ஊர்கள் வரிசையாக அமைந்தன. ஸ்பெயின் நாட்டு உயர்நிலங்களில், இடைக்காலக் கல்வீடுகள் நிறைந்த சிற்றூர்களைக் கோத்துக்கொண்டு மிதிவண்டியில் பயணம் செய்வது இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. ஐபீரிய நாட்டவரான போர்த்துக்கேயர் பெயரிட்ட துறைமுகமும், சோழர் காலக் கோயில் நகரமும், செம்மண் மேடும் ஏறத்தாழ 45 கிலோமீட்டருக்குள் அடங்கும் கடலூர்–சிதம்பரம் வழியோ, அங்கு வாழ்வோருக்கே அந்தக் கண்ணோட்டத்தில் அறிமுகமாகவில்லை. இவ்வழிகளைப் போட்டவர்கள் அரசர்களும் கம்பெனிகளும் என்றாலும், அவற்றை எளிய மக்களின் அன்றாட உடைமையாக்கியது இருபதாம் நூற்றாண்டின் மிதிவண்டிதான் என்பதால், இப்பகுதியின் வரலாற்றைக் கோட்டைகளோடும் கோபுரங்களோடும் நிறுத்திக்கொள்வது அரை வரலாறாகவே முடியும்.

வழிகளின் கதை மிதிவண்டிக்கு மிகவும் முந்தையது. 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமும் கம்பெனிக்கே உரியது என்பது அந்த விற்பனையின் விசித்திரமான நிபந்தனை. ஆகவே நெடுந்தொலைவு சுடக்கூடிய பீரங்கியைத் தேர்ந்து கொண்டுவந்து நாற்புறமும் சுட்டு எல்லை வகுத்தனர். அவ்வாறு எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டுகிராமங்கள் என்று அழைக்கப்பட்டன. நிலத்தைக் காலால் அளப்பதற்கு மாறாக வெடிமருந்தால் அளந்த இந்த முறையில் அங்கே குடியிருந்தவர்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்த இடம், 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கியது. 1758-இல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றித் தகர்த்துவிட்டதால், இன்று தேவனாம்பட்டினத்தில் இடிபாடுகளே எஞ்சியுள்ளன.

கம்பெனி இங்கே நாடி வந்த பொருள் துணி. உள்நாட்டு நெசவூர்களிலிருந்து துணி துறைமுகத்துக்கு வருவதற்காகத் தலைச்சுமைக்காரர்களும் பொதி மாடுகளும் நடந்து நடந்து தேய்த்த தடங்களே பின்னர் வண்டிப்பாதைகளாக அகன்றன. அதே பாதைகளில் படைகளும் நடந்தன. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டைக்கு அருகே மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் பெரும்படையும் ஐர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதின. 1783 ஜூனில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை காத்து நின்ற கடலூரை ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டபோது கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரனும் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் பொருதிக்கொண்டிருந்தனர். கேப்பர் மலை என்ற பெயரும் அங்கே வீடு கட்டியிருந்த கேப்பர் என்ற படை அதிகாரியால் வந்ததே. பின்னாளில் அம்மேட்டில் மத்தியச் சிறை எழுந்தது. சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறிய 1918 நவம்பரில் கைதாகிச் சில வாரங்கள் இருந்தது கடலூர்ச் சிறையில்தான்.

பரங்கிப்பேட்டையின் கதை இன்னும் நுணுகிப் பார்க்கத் தக்கது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் அமைத்த குடியிருப்பு அவர்கள் மொழியில் புதிய துறைமுகம் என்ற பொருள் தரும் போர்ட்டோ நோவோ என்று பெயர் பெற்றது. இஸ்லாமிய வணிகர்களிடையே அதற்கு மஹ்மூத் பந்தர் என்ற பெயரும் வழங்கியது. டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று பலரும் வந்து போன அவ்வூரில், 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்காலை ஒன்றைத் தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாதுவைக் கொண்டு, நிலக்கரிக்குப் பதிலாக மரக்கரியை எரித்து இரும்பு வார்த்த அந்த ஆலை, எரிபொருளுக்கான காடு சுருங்கியதாலும் ஓயாத பணமுடையாலும் தளர்ந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தது. தமிழ் மண்ணின் தாதுவை உருக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு துறைமுகம், அடுத்த தலைமுறையில் பர்மிங்காமிலும் நாட்டிங்காமிலும் செய்த இரும்புக் குழாய் வண்டிகளை விலைக்கு வாங்கும் நாட்டின் ஓரத்து ஊராகிப்போனதில், காலனிப் பொருளாதாரம் என்பது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பது தெளிவாகத் தெரிகிறது.

இரு சக்கரங்களும் ஒரே அளவாகவும், பின்சக்கரம் சங்கிலியால் இயங்குவதாகவும் அமைந்த வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபின் அவ்வண்டி கரடுமுரடான சாலைக்கும் ஏற்றதாயிற்று. இந்தியாவுக்கு வந்த தொடக்கக் காலத்தில் அது துரைமார், பாதிரிமார், வக்கீல்கள், மருத்துவர்கள் ஆகியோரின் உடைமையாகவே இருந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிய கடலூரில் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் மஞ்சக்குப்பத்தில் குவிந்திருந்ததால், மிதிவண்டிக்கு இங்கே வாடிக்கையாளர்கள் கிடைப்பதில் சிரமம் இருந்திருக்காது. விடுதலைக்குப் பின் நிலைமை விரைந்து மாறியது. முருகப்பா குடும்பத்தார் பர்மிங்காமின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை அனுப்பத் தொடங்கவே, நடுத்தரக் குடும்பம் ஒன்று கடன்பட்டாவது வாங்கக்கூடிய பொருளாகச் சைக்கிள் இறங்கி வந்தது.

அதன்பின் இந்த மேட்டு நிலத்துக்கும் கரையோர ஊர்களுக்கும் இடையே நடந்த பண்டமாற்றுத்தான் இக்கட்டுரையின் நடுநாயகம். மேட்டில் விளைவது முந்திரியும் பலாவும். பிரேசில் நாட்டு மரமான முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் அதைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. கரையில் கிடைப்பது மீனும் உப்பும். பேருந்து நின்று ஏற்றாத சரக்கையும், மாட்டு வண்டி பூட்ட முடியாத அளவுக்குச் சிறிய முதலையும் வைத்திருந்தவர்களுக்கு நடுவே நின்ற பாலம் சைக்கிள். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் கட்டி, வெயில் ஏறுமுன் கேப்பர் மலை ஊர்களையும் பண்ருட்டிச் சாலைக் கிராமங்களையும் அடைந்துவிட வேண்டிய மீன்காரர், கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டியதில்லை. முன்புறம் இரட்டைக் கம்பி வைத்த கனத்த வண்டியாகத் தேர்ந்து, பின் கேரியரைக் கழற்றிவிட்டுக் கொல்லரிடம் பட்டை இரும்பில் அகலமான கேரியர் அடித்துப் பொருத்தி, பாரத்தோடு நிறுத்தினாலும் சாயாத பெரிய ஸ்டாண்டு போட்டு, பழைய ட்யூபை நீளவாக்கில் அறுத்த ரப்பர்ப் பட்டையால் கூடையை இறுக்கிக் கட்டுவார். ஹேண்டில்பாரில் மணிக்குப் பதிலாக அமுக்கினால் ஒலிக்கும் ரப்பர் ஹாரன் இருக்கும். அந்த ஓசையே தெருவுக்கு மீன் வந்ததன் அறிவிப்பு. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது, இறக்கத்தில் ஒரு காலைத் தரையில் உரசிக்கொண்டே வேகத்தை அடக்குவது என்று மேட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் உடற்பழக்கம் ஏற்பட்டிருந்தது. குறிஞ்சிப்பாடி, புவனகிரி நெசவாளர்கள் நூலையும் நெய்து முடித்த சேலை, லுங்கிகளையும் கொண்டுபோனதும், பால்காரர் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டதும் இதே முறையில்தான்.

இத்தொழில்களைத் தாங்கி நின்றது சாலையோரத்துச் சைக்கிள் கடை. கூரை வேய்ந்த ஒரு சாய்ப்பு, தண்ணீர் நிறைந்த இரும்புச் சட்டி, காற்றடிக்கும் பம்பு, ரப்பர்த் துண்டும் சொலூஷனும் வைத்த தகரப் பெட்டி ஆகியவையே அதன் முதலீடு. பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் குச்சியால் குறித்து, அரத்தால் சுரண்டி ஒட்டுவது எவரும் பார்த்துக் கற்கக்கூடிய வேலை. ஆனால் கோட்டம் எடுப்பது அப்படியன்று. பாரத்தாலோ பள்ளத்தில் விழுந்தோ நெளிந்துபோன ரிம்மை நேராக்குவதற்காக, சக்கரத்தைச் சுழலவிட்டு, அது எந்த இடத்தில் ஒதுங்குகிறது என்று கண்ணால் கண்டு, போக்ஸ் கம்பிகளில் ஒன்றைத் தளர்த்தி எதிர்க்கம்பியை முறுக்கும் இந்த நுட்பத்தில் தேர்ந்தவருக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் பெயர் இருக்கும். செம்மண் மேட்டுப் பாதைகளில் மழைநீர் அறுத்த ஓடைகள் மிகுதி என்பதால், கோட்டம் எடுக்கும் தொழிலுக்கு இவ்வட்டாரத்தில் குறைவு இருந்ததில்லை.

அதே கடைகள் மணிக்கணக்கில் வாடகைக்கும் வண்டி விட்டன. நோட்டுப் புத்தகத்தில் பெயர், தந்தை பெயர், எடுத்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தரப்பட்ட அந்த வாடகைச் சைக்கிள்களில்தான், இருக்கை எட்டாத சிறுவர்கள் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றனர். நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு ஆண்டு வரி வசூலித்து அதற்கு அடையாளமாகத் தகர வில்லை கொடுத்தன. வில்லை இல்லாத வண்டி, இரவில் விளக்கில்லாத வண்டி, பின்னால் ஆளேற்றி டபுள்ஸ் போன வண்டி ஆகிய மூன்றையும் காவலர் நிறுத்துவார் என்பது அன்றைய பொது அறிவு. வரி ஒழிந்தபோது வில்லைகளும் பழைய இரும்போடு போயின. ஓர் ஊரில் எத்தனை பேர் எந்த ஆண்டில் வண்டி வாங்கினர் என்று சொல்லக்கூடிய அரிய சான்று இவ்வாறு கரைந்துபோனது வருந்தத்தக்கது.

மிதிவண்டி எல்லோருக்கும் ஒரே அளவில் வழிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். தமிழகத்தின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவியது. செருப்பு, தோளில் துண்டு, குடை ஆகியவற்றுக்கு விதிக்கப்பட்ட தடைகளின் வரிசையில், உட்கார்ந்த நிலையில் தலை உயர்ந்து தெரிகிறது என்பதற்காகவே புதிய எந்திரம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. நந்தனாரின் பெயரோடு பிணைந்த சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கற்று வேலைக்குப் போன தலைமுறையின் கையில் சம்பளத்தால் வாங்கிய சைக்கிள் வந்தபோது, அதில் ஏறியபடியே தெருவைக் கடப்பது ஓர் உரிமைப் போராட்டமாகவே அமைந்தது. தமிழகத்து மிதிவண்டியின் வரலாற்றில் இதைவிட முதன்மையான பகுதி வேறில்லை.

கேளிக்கையிலும் அவ்வண்டி இடம்பிடித்தது. ஊர்த்திடலில் வட்டம் வரைந்து, குழல்விளக்குக் கம்பங்களும் ஒலிபெருக்கியும் கட்டி, ஒருவர் தரையில் கால் ஊன்றாமல் பல நாள் தொடர்ந்து சைக்கிள் சுற்றும் காட்சி, 1970-களிலும் 80-களிலும் தமிழகச் சிற்றூர்களில் பரவலாக நடந்தது. உண்பதும், குளிப்பதும், உடை மாற்றுவதும் ஓடும் வண்டியின் மீதே நிகழும். மாலையில் ஹேண்டில்பாரில் கைவிட்டு எழுந்து நிற்பது, குனிந்து தரையில் கிடக்கும் ரூபாய்த்தாளை எடுப்பது போன்ற வித்தைகளும், இடையிடையே நடனமும் சேர்ந்துகொள்ளும். சுற்றி முடித்த நாளில் ஊரார் மாலையிட்டு, நோட்டுகளைச் சட்டையில் குத்தி வழியனுப்புவார்கள். இதைப் பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றவர்களின் உடல்வலிமையும் சமநிலையும் எந்த விளையாட்டுக் கழகத்தின் ஏட்டிலும் பதிவாகாதவை.

சிதம்பரத்துக்கு மிதிவண்டியை நகரப் பண்பாகவே ஆக்கியது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து வளர்ந்து 1929-இல் பல்கலைக்கழகமான அந்நிறுவனம், தொடர்வண்டிப் பாதைக்குக் கிழக்கே தனி நகராகவே விரிந்தது. தேர் ஓடுவதற்காக அகலமாகவும் மேடுபள்ளம் இல்லாமலும் அமைந்த நான்கு வீதிகளுக்கும் அண்ணாமலைநகருக்கும் இடையே மாணவரும் ஊழியரும் காலை மாலை சைக்கிளில் போய்வந்தனர். பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் 1961 முதல் இயங்கத் தொடங்கியதும், பழைய போர்த்துக்கேயத் துறைக்கும் கோயில் நகரத்துக்கும் இடையிலான வழிக்குப் புதிய வகைப் பயணிகளும் கிடைத்தனர்.

பெண்களின் நுழைவு சற்றுத் தாமதமாகவே நேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்தபோது பல்லாயிரம் கிராமப் பெண்கள் முன்வந்தது இந்திய அளவில் கவனிக்கப்பட்டது. பின்னர் 2001–02-இல் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் சில ஆண்டுகளில் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் பெண்ணை நிறுத்திவிடுவதற்குத் தொலைவு ஒரு காரணமாகச் சொல்லப்பட்ட மேட்டுக் கிராமங்களில் அந்தக் காரணம் வலுவிழந்தது.

மலை மிதிவண்டி என்று இன்று வழங்கும் வகை, அகன்ற முரட்டு டயர், பல கியர்கள், அதிர்வு தாங்கும் முன்கவை ஆகியவற்றைக் கொண்டது. 1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் டமல்பையிஸ் மலைச்சரிவுகளில் பழைய கனத்த வண்டிகளைத் திருத்தி ஓட்டிய இளைஞர்களிடமிருந்து அது பிறந்தது. பொழுதுபோக்குக்காக அவர்கள் செய்த திருத்தத்தையும், பிழைப்புக்காகக் கடலூர் மீன்காரர் செய்த திருத்தத்தையும் அருகருகே வைத்தால், கரட்டு நிலம் ஒரே வண்டியிடம் இருவேறு வகைப் பதில்களைக் கேட்டு வாங்கியது விளங்கும். தொடக்கத்தில் குறிப்பிட்ட ஸ்பெயினிலோ, சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நோக்கிச் செல்லும் இடைக்கால யாத்திரை வழியில், கலீசிய மலை விளிம்பில் ஏறக்குறைய 1300 மீட்டர் உயரத்தில் வைக்கோல் கூரை வேய்ந்த வட்டக் கல்வீடுகளோடு நிற்கும் ஓ செப்ரெய்ரோ போன்ற ஊர்கள், நடந்தும் மிதிவண்டியிலும் வரும் யாத்திரிகர்களால் புத்துயிர் பெற்றன. நடந்து வருவோர் குறைந்தது 100 கிலோமீட்டரும் மிதிவண்டியில் வருவோர் 200 கிலோமீட்டரும் கடந்திருந்தால் தேவாலயம் சான்றிதழ் வழங்குகிறது. வழி என்பது ஊர்களைப் போலவே காக்கத்தக்க தொன்மை என்று அங்கே சமூகமும் அரசும் ஏற்றுக்கொண்டிருப்பதுதான் கவனிக்கத்தக்க செய்தி.

கடலூர்–சிதம்பரம் வட்டாரத்துக்கும் அத்தகைய கோவை உண்டு. அப்பர் கடலிலிருந்து கரையேறிய இடமாகப் போற்றப்படும் திருப்பாதிரிப்புலியூர், வேதாந்த தேசிகர் பல்லாண்டு வாழ்ந்த திருவந்திபுரம், அங்கிருந்து ஏறினால் செம்மண் மேடு, மேற்கே வள்ளலார் 1867-இல் தருமசாலையும் 1872-இல் சத்திய ஞான சபையும் நிறுவிய வடலூர், தெற்கே இறங்கினால் ராகவேந்திரர் பிறந்த புவனகிரி, அதை அடுத்து வெள்ளாற்றுக் கரையும் பரங்கிப்பேட்டையும், பிச்சாவரத்து அலையாத்திக் காடும், தில்லை எனப்படும் சிதம்பரமும் ஒரு மிதிவண்டி இரண்டு நாளில் நிதானமாகத் தொடக்கூடிய தொலைவில் உள்ளன. ஆனால் 1980-களில் முதுநகருக்குத் தெற்கே எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையின் லாரிகளும், விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையும் பழைய கரையோர வழியைச் சைக்கிளுக்கு அச்சமூட்டும் இடமாக்கிவிட்டன. மேட்டில் செம்மண் குவாரிகள் பாதைகளையே தோண்டி எடுக்கின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையேறிய தானே புயல் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தபோது, தோப்புகளின் ஊடே நிழலில் சென்ற தடங்கள் பல திறந்த வெளியாயின. மரங்களைத் திரும்ப நட்டவர்கள் தோப்பின் எல்லையோடு தடத்தின் எல்லையையும் சேர்த்தே மீட்டனர். நெடுஞ்சாலையைத் தவிர்க்க விரும்பும் மேட்டு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள், அரசு கொடுத்த வண்டிகளில் காலையில் இறங்குவதும் மாலையில் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு திரும்புவதும் பெரும்பாலும் அந்தத் தடங்களின் வழியேதான்.